மரநாய்

இந்த வேலையில் என் பெயர் 4471.
ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறை,
தலையில் ஹெட்செட், மேசையில் ஆறிய தேநீர்.
விதிகள்: கூட்டாதே. குறைக்காதே.
பேசுபவர் "நான்" என்றால் நீயும் "நான்" என்று சொல்.

அதனால் இதுவரை
ஏழு தடவை கர்ப்பமாக இருந்திருக்கிறேன்.
வாடகை கட்டத் தவறியிருக்கிறேன்.
ஒருமுறை நீதிமன்றத்தில்
என் தம்பியை எனக்குத் தெரியாது என்றிருக்கிறேன்.

இன்று ஒரு முனையில் வனவிலங்கு அதிகாரி கோல்பர்ன்.
மறுமுனை ஏஜாக்ஸ். யோகாம்பிகை.
பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
இன்னும் சப்பாத்துக் கழற்றாத குரல்.

அதிகாரி கேட்ட சொல்லுக்கு ஆங்கிலத்தில்
வைத்திருத்தல் என்றும் பொருள்,
பேய் பிடித்தல் என்றும் பொருள்.
நான் தேர்ந்தது:
"காட்டு விலங்கு ஏதும் உங்கள் கைவசம் உள்ளதா?"

"கைவசமோ?
நான்தான் அதின்ரை கைவசம்.
விடியப்புறம் வந்து படுத்தால்
என்ரை பெருவிரலைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளும்.
காடு எங்கை இஞ்சை? கராஜ் கூரைக்குள்ள பிறந்தது.
தாயை வெஸ்ட்னி ரோட்டில கார் அடிச்சுப் போட்டுது."

சொன்னேன், ஒவ்வொரு சொல்லாக.
என் பெருவிரலையும் ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

"என்ன விலங்கு?"
"மரநாய்."

இந்தக் கண்டத்து மிருகத்துக்குத் தமிழில் பெயர் இல்லை.
கள்ளுமுட்டிக்குள் தலைவிடும் வேறொன்றின் பெயரை
அண்ணனின் கோட்டைத் தம்பிக்கு மாட்டுவதுபோல
இதற்கு மாட்டிவிட்டிருக்கிறாள்.
நானும் அப்படியே கொடுத்தேன்:
மரம், பிறகு நாய்.

"ஓ, நாயா!"
அதிகாரியின் நாற்காலி பின்னால் சாய்ந்தது கேட்டது.
"நாய் என்றால் எங்கள் வேலையே இல்லை.
நகரசபையில் ஒரு லைசென்ஸ், ஒரு தடுப்பூசி, அவ்வளவுதான்.
அயலவர் பிழையாகக் கண்டிருப்பார்."

தமிழில் சொன்னேன். அவள் மூச்சு விட்டாள்.
நானும் விட்டேன், அது மொழிபெயர்ப்பில் சேராது.

அழைப்பு அத்தோடு முடிந்திருக்கலாம்.
அவள் திரும்பி, எனக்கல்ல, அவருக்குமல்ல,
அடுப்படிப் பக்கமாகச் சொன்னாள்:
"டேய், பிஸ்கட்டைத் தண்ணியில கழுவாதை,
கரைஞ்சு போகும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது."

குறைக்காதே.

சொன்னேன்.

"கழுவுகிறதா?"
நாற்காலி நிமிர்ந்தது.
"கைகளாலா?"

பிறகு பிரிவு, உட்பிரிவு, அனுமதிப் பத்திரம்.
அவர் கெட்டவர் அல்ல. தண்டம் இல்லை என்றார்,
நாளை மதியம் ஒரு கூண்டோடு வருவார்கள் என்றார்,
வளர்ந்தால் கடிக்கும், நோய் வரும்,
மனித வாசனை பழகிய ரக்கூன்
இந்த நாட்டில் ஒரு குளிர்காலம் தாண்டாது என்றார்.
எல்லாம் உண்மை.
எங்கே கொண்டுபோவார்கள் என்ற இடத்தில்
என் வாய் முந்திக்கொண்டது:

"புனர்வாழ்வு நிலையம்."

வேறு சொல் இருந்திருக்கும். பராமரிப்பு இல்லம்,
விலங்குக் காப்பகம், எதுவோ.
மறுமுனையில் குழாய்த் தண்ணீர் நின்றது.

"அண்ணாவையும் அதுக்கெண்டுதான் ஏத்தினவை," என்றாள்.

சொன்னேன். அதிகாரிக்கு விளங்கவில்லை.
திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.
யாருடைய அண்ணா என்று கேட்டார்.
"என்னுடைய" என்றேன், விதிப்படி.

நெடுநேரம் ஒன்றுமில்லை.
நிமிடத்துக்கு எழுபது சதம் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு அவள், முதல்தடவையாக, என்னைப் பார்த்து:

"தம்பி, நீர் அந்த பிஸ்கட் கதையைச் சொல்லாட்டி
அது நாய்தானே?"

கூட்டாமல் குறைக்காமல் அதையும் ஆங்கிலமாக்கினேன்.
"நீர்" அந்தப் பக்கம் போய்
அதிகாரியின் மேல் விழுந்தது.
அவர் கொஞ்சம் புண்பட்டார். தொண்டையைச் செருமினார்.
அவர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்,
என் குரலில், எனக்கிருக்கும் ஒரே குரலில்:

"அது நான் இல்லை, அம்மா. சட்டம்."